வெட்டிவேர்: கரை காக்கும் வேலியும் தோண்டி எடுக்கும் வேரும்

வெட்டிவேர் பயிரிட விரும்புவோர் நாற்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியது, அந்தப் புல் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக நடப்படுகிறதா, அல்லது வேரை எடுத்து விற்பதற்காக நடப்படுகிறதா என்பதாகும். இரண்டுக்கும் பயன்படுவது ஒரே புல்லினம்தான் என்றாலும், தேர்ந்தெடுக்க வேண்டிய வகை, நிலம், இடைவெளி, பராமரிப்பு ஆகிய அனைத்தும் வேறுபடுகின்றன. கரையைக் காக்க நட்ட புல்லை ஒன்றரை ஆண்டுக்குப் பின் வேருக்காகத் தோண்டினால், காக்கப்பட்ட மண் முழுவதும் இளகி, அடுத்த மழையிலேயே கரைந்து போகிறது. உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெய் வழங்கும் முதன்மையான நாடுகளுள் ஒன்றான ஹெய்ட்டியில், மலைச்சரிவுகளில் வேர் தோண்டியதால் மண்ணரிப்பு மிகுந்தது என்பது இத்துறையினர் நன்கறிந்த பாடம். ஆகவே வேலிக்கு ஒரு நடவு, வேருக்கு வேறொரு நடவு என்று பிரித்துக்கொள்வதே இந்த இயலின் அடிப்படை விதியாகக் கொள்ளப்படுகிறது.

புல்லைப் பற்றித் தேவையான அளவு

தாவரவியலில் கிரைசோபோகன் சிசானியாய்டிஸ் என்று பெயரிடப்பட்டுள்ள இப்புல், முன்பு வெட்டிவேரியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததால், பழைய நூல்களில் அப்பெயராலேயே காணப்படும். இது பல்லாண்டு வாழும் புல். அதாவது, ஒருமுறை வேரூன்றிய தூர், ஆண்டுதோறும் பக்கச் சிம்புகளை விட்டுப் பருத்துக்கொண்டே போகுமேயன்றி நெல்லைப் போலக் கதிர் முற்றியதும் மடிவதில்லை. தூர் என்பது அடியில் ஒன்றாக இணைந்து நிற்கும் தண்டுகளின் தொகுதியையும், சிம்பு என்பது அத்தொகுதியிலிருந்து வேரோடு பிரித்தெடுக்கக்கூடிய ஒரு தண்டையும் குறிக்கும். அருகம்புல்லைப் போலக் கொடியோடிப் பரவாமல் நட்ட இடத்திலேயே நிற்பதும், வேர்கள் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேர்கீழாக இறங்குவதும் இப்புல்லின் இரண்டு பெருஞ்சிறப்புகள். இளகிய நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே வேர் மூன்று மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும்.

வெட்டிவேரில் இருபெரும் வகைகள் உள்ளன. வட இந்திய வகை பூத்து, முளைக்கும் திறனுள்ள விதைகளைத் தருவதோடு, உயர்ந்த மணமுள்ள மெல்லிய வேர்களையும் கொண்டது. தென்னிந்திய வகையோ பூத்தாலும் முளைக்கும் விதை தராது. இலை அகலமாகவும் வேர் தடித்தும் இருக்கும். விதை தரும் வகையை வேலியாக நட்டால், அது விதை உதிர்த்து அண்டை நிலங்களில் களையாகப் பரவ வாய்ப்பு உண்டு. எனவே வேலிக்குத் தென்னிந்திய வகையைத் தவிர வேறொன்றையும் ஏற்கக் கூடாது. வேருக்கான நடவில் மட்டுமே, லக்னோவிலுள்ள மருத்துவ நறுமணத் தாவரங்களுக்கான மத்திய நிறுவனமும் கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்டுள்ள மேம்பட்ட வகைகளைக் கருத்தில் கொள்ளலாம்.

மண் காப்புக்கான பயன் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கேயுள்ள குண்டுலுப்பேட்டை வட்டார உழவர்கள், நூறாண்டுக்கும் மேலாக இப்புல்லை வயல் எல்லையாக வளர்த்து வந்துள்ளனர். 1950களில் ஃபிஜித் தீவின் கரும்பு நிலங்களில் இதை மண் காப்பு வேலியாகப் பயன்படுத்திய ஜான் கிரீன்ஃபீல்டும், உலக வங்கியில் பணியாற்றிய ரிச்சர்ட் கிரிம்ஷாவும் 1980களில் இந்தியாவில் இம்முறையைப் பரப்பினர். தாய்லாந்தில் மன்னர் பூமிபோலின் ஊக்கத்தால் 1990களில் இது நாடு தழுவிய இயக்கமாகவே வளர்ந்தது. கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டுக் கட்டப்படும் கற்சுவர்கள் பெயர்ந்து விழும் சரிவுகளில், ஒரு புல் வரிசை ஆண்டுக்கணக்கில் மண்ணைப் பிடித்து நிற்பதை நேரில் கண்டவர் எவரும் இதனை எளிய புல்லென்று ஒதுக்கமாட்டார்.

நாற்று தயாரித்தல்

கணிசமான நீளத்துக்கு வேலி அமைக்க நினைப்போர், நாற்று முழுவதையும் விலைக்கு வாங்குவதைவிட, ஓராண்டு முன்னதாகவே சிறிய நாற்றங்கால் ஒன்றை அமைத்துக்கொள்வது செலவைப் பெரிதும் குறைக்கும். நல்ல வெயிலும் பாசனமும் உள்ள இடத்தில் நடப்படும் ஒரு சிம்பு, ஓராண்டுக்குள் இருபது முப்பது சிம்புகளாகப் பெருகிவிடும்.

1. தாய்த்தூர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, அது நிற்கும் இடத்துக்கே சென்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். தூரைச் சுற்றிலும் விதையிலிருந்து முளைத்த இளம் புற்கள் காணப்பட்டால், அந்தத் தூரை வேலிக்கு எடுக்கக் கூடாது.

2. தூரைத் தோண்டுவதற்கு முதல் நாள் நன்றாக நீர் பாய்ச்சி, மறுநாள் மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டித் தூரை அப்படியே பெயர்த்தெடுக்க வேண்டும். தண்டுகளைப் பிடித்து இழுத்தால் அடிக்குருத்து முறிந்து வேரின்றி வந்துவிடும்.

3. தூரைக் கையாலும் கூரிய கத்தியாலும் பிரித்து, முற்றிக் காய்ந்த தண்டுகளையும் பூத்த தண்டுகளையும் நீக்கிவிட்டு, இரண்டு மூன்று இளஞ்சிம்புகள் கொண்ட சிறு கற்றைகளாகப் பிரிக்க வேண்டும்.

4. தாள் பகுதியை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கும், வேரை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கும் வெட்டிவிட வேண்டும். நீண்ட இலையை விட்டுவைத்தால், புதுவேர் பிடிக்கும் முன்பே அதன் வழியாக நீர் ஆவியாகி நாற்று வாடிவிடும்.

5. பிரித்த நாற்றுகளின் வேர்ப் பகுதியைச் சாணமும் களிமண்ணும் கலந்த குழம்பில் நனைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, கூடுமானவரை அன்றே நட்டுவிட வேண்டும்.

சாலையோர மேட்டுச் சரிவு, பாறை கலந்த நிலம், பாசன வசதியற்ற கரை போன்ற கடினமான இடங்களில் வெறும் வேர் நாற்றை நேரடியாக நடுவதைவிட, சிறிய பாலித்தீன் பைகளில் ஆறு முதல் எட்டு வாரம் வரை வளர்த்து நடுவது நல்லது. செலவு கூடினாலும் நாற்று இறப்பு வெகுவாகக் குறைவதால், வேலியில் இடைவெளி விழாமல் தடுக்க இதுவே உறுதியான வழி. எந்த நிலையிலும் நாற்றங்கால் நிழலில் அமையக் கூடாது. வெட்டிவேர் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கினாலும், இளமையில் நிழலைத் தாங்குவதில்லை.

சரிவு நிலத்தில் வேலி நடும் முறை

வெட்டிவேர் வேலி ஓடும் நீரை முற்றிலும் தடுப்பதில்லை. மாறாக, நெருங்கி நிற்கும் விறைப்பான தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைத்துப் பரவச் செய்வதால், நீர் அடித்துவரும் வண்டல் வேலிக்கு மேல்புறத்தில் படிந்து, நீர் மட்டும் மெல்லக் கடந்து செல்கிறது. படியும் வண்டலுக்கு ஏற்பத் தண்டின் கணுக்களில் புதுவேர் விட்டுப் புல்லும் மேலெழுவதால், சில ஆண்டுகளில் சரிவு நிலம் தானாகவே படிக்கட்டுத் தளமாக மாறுகிறது. இவ்வளவும் நிகழ வேண்டுமானால் வரிசை சமமட்டத்தில் அமைய வேண்டும். சமமட்டக் கோடு என்பது, சரிவின் குறுக்கே ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு. கண்மதிப்பில் போடப்படும் கோடு பெரும்பாலும் ஒருபுறம் தாழ்ந்துவிடுவதால், நீர் அந்தப் பக்கமாகத் திரண்டு ஓடி வேலியையே அறுத்துவிடும். ஆகையால் மட்டம் பார்க்கும் வேலையில் அவசரம் கூடாது.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக் குழாயே போதும். அது இல்லாத இடத்தில் முக்கோணச் சட்டம் ஒன்றைப் பின்வருமாறு செய்துகொள்ளலாம்.

1. இரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கழியை இறுகக் கட்ட வேண்டும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் தூக்குக் குண்டைத் தொங்கவிட வேண்டும்; கயிறு குறுக்குக் கழியைத் தொட்டபடி செல்ல வேண்டும்.

2. தரையில் இரண்டு முளைகளை அறைந்து, அவற்றின் மேல் சட்டத்தின் கால்களை நிறுத்தி, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் கரியால் கோடிட வேண்டும். பின்னர்ச் சட்டத்தைத் திருப்பி, கால்களை இடம் மாற்றி அதே முளைகளின் மேல் நிறுத்தி, மீண்டும் கோடிட வேண்டும். இவ்விரு கோடுகளுக்கும் சரியாக நடுவிலுள்ள புள்ளியே சட்டத்தின் சமமட்டக் குறி.

3. நிலத்தின் ஓரத்தில் தொடங்கி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்குறியில் நிற்கும் இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து அடுத்த அடியை எடுத்துச் செல்ல வேண்டும். காற்று வீசும்போது குண்டு ஆடும் என்பதால் காலை வேளை இதற்கு ஏற்றது.

4. முளைகள் அனைத்தும் அடித்து முடிந்த பின், சிறு வளைவு நெளிவுகளைக் கயிறு பிடித்துச் சீர்செய்துகொள்ளலாம். ஆனால் கோட்டை நேராக்க வேண்டும் என்பதற்காகச் சமமட்டத்தை விட்டு விலகக் கூடாது.

வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு விடுவது என்பது, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பயிர் நிலங்களில் இவ்வுயரத்தை 1 முதல் 2 மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். உயர வேறுபாடு 2 மீட்டராகவும் சரிவு 5 சதவீதமாகவும், அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறக்கமாகவும் இருந்தால், வரிசைகளின் இடைவெளி 40 மீட்டராக அமையும். சரிவு 10 சதவீதமானால் அது 20 மீட்டராகக் குறையும். மண் எளிதில் அரிபடும் தன்மையுடையதாக இருந்தால் உயர வேறுபாட்டை 1 மீட்டராகக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

நடவுக்கு, வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மாவட்டங்களில் புரட்டாசியில் முதல் மழை மண்ணை நனைத்தவுடன் தொடங்குவதும், தென்மேற்குப் பருவமழை பெறும் மலையோரப் பகுதிகளிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஆனி மாதத்தில் தொடங்குவதும் பொருத்தமாக இருக்கும். மழை முடியும் தறுவாயில் நட்டால், வேர் ஆழம் போவதற்கு முன்பே வெயில் வந்துவிடும்.

1. குறித்த கோட்டின் மேல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சால் தோண்டி, அதில் மக்கிய தொழு உரத்தை இட்டு மேல்மண்ணோடு கலந்துவிட வேண்டும். மக்காத சாணம் கரையானை வரவழைக்கும்.

2. இரண்டு மூன்று சிம்புகள் கொண்ட நாற்றுக் கற்றைகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 100 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 670 கற்றைகள், அதாவது 2,000 சிம்புகள் வரை தேவைப்படும். இடைவெளி நிரப்புவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

3. வேர் மேல்நோக்கி மடங்காமல் நேராக இறங்கும்படி வைத்து, அடிக்குருத்து தரை மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி மண்ணை அணைத்து, காலால் நன்கு மிதித்து இறுக்க வேண்டும். நட்ட நாற்றை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது.

4. வரிசையின் இரு முனைகளையும் மேட்டுப்புறமாகச் சற்று வளைத்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய நீர் முனையைச் சுற்றிக்கொண்டு ஓடி, அங்கே புதிய வாய்க்காலை அரித்துவிடும்.

5. நட்ட ஒன்றரை மாதத்துக்குள் வரிசையை முழுவதும் நடந்து பார்த்து, பட்டுப்போன இடங்களை உடனே நிரப்ப வேண்டும்.

இந்த ஐந்தாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். முழுமையான வேலி மண்ணைக் காக்கிறது. ஆனால் ஒரே ஒரு முழ இடைவெளியுள்ள வேலி, அதுவரை பரவி ஓடிய நீரையெல்லாம் அந்த ஒரு வாயில் வழியாகத் திருப்பிவிடுவதால், வேலியே இல்லாத நிலத்தைவிட மோசமான அரிப்பை உண்டாக்கக்கூடும். நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வேலியின் வெற்றியை அளப்பது தவறு. அடைபடாத இடைவெளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அதை அளக்க வேண்டும்.

ஏரி, குளம், பண்ணைக் குட்டைக் கரைகளில்

கரைகளில் நடும்போது, நீர் நிறைந்து நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே உட்புறச் சரிவில் ஒரு வரிசையும், வெளிப்புறச் சரிவில் ஒவ்வொரு மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் ஒரு வரிசையும் அமைப்பது போதுமானது. நன்கு வேரூன்றிய தூர், வாரக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். புதிதாக நட்ட நாற்றோ மூழ்கினால் அழுகிவிடும். எனவே உட்புற வரிசையை, நீர் ஏறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பாசனம் செய்து நட்டுவிட வேண்டும்.

கலிங்கு வழியாக நீர் வழியும் பாதையிலும் மதகின் வாயிலும் வெட்டிவேரை நடவே கூடாது. உபரி நீர் தடையின்றி வெளியேற வேண்டிய இடத்தில் விறைப்பான புல் வளர்ந்து வழியை அடைத்தால், நீர் மட்டம் உயர்ந்து கரையே உடையும் நிலை உருவாகும். பொது ஏரி, வாய்க்கால் கரைகளில் நடுவதற்கு முன் உரிய அரசுத் துறையின் ஒப்புதலைப் பெறுவதும் கட்டாயம். மேலும், ஆழத்தில் மண்ணடுக்கே வழுக்கி இறங்கும் பெரிய நிலச்சரிவை எந்தப் புல்லாலும் நிறுத்த முடியாது; அத்தகைய விரிசல்கள் காணப்படும் சரிவில் பொறியாளரின் ஆய்வுக்குப் பின்னரே எதையும் செய்ய வேண்டும்.

வேலியின் பராமரிப்பு

முதல் ஆண்டில் களை எடுப்பதே முதன்மையான வேலை. நிழல் தரும் கொடிகளும் உயரமான களைகளும் வரிசையை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். களைக்கொல்லி மருந்துகளில் கிளைஃபோசேட் போன்றவை வெட்டிவேரையும் கொல்லும் என்பதால், வேலிக்கு அருகில் அவற்றைத் தெளிக்கக் கூடாது. நட்ட நான்கைந்து மாதத்தில் முதல் அறுவடையாகத் தாளைத் தரையிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால், பக்கச் சிம்புகள் விரைந்து வெடித்து இடைவெளிகள் அடைபடும். அதன் பின் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை வெட்டினால் போதும். தரையோடு ஒட்ட வெட்டுவது வேலியின் வேலையையே கெடுத்துவிடும். ஏனெனில் நீரைத் தடுப்பது அந்த முழங்கால் உயரத் தண்டுதான்.

வெட்டிய தாளை வீணாக்க வேண்டியதில்லை. இளந்தாளை மாடுகள் உண்ணும். முற்றிய தாளைக் கூரை வேயவும், தென்னை, வாழை, காய்கறிப் பயிர்களின் அடியில் மூடாக்காகப் பரப்பவும் பயன்படுத்தலாம். மூடாக்கு என்பது மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கும் உலர் போர்வை. வெட்டிவேர்த் தாள் எளிதில் மக்காததால் இதற்கு மிகவும் பொருத்தமானது. முதல் ஆண்டில் ஆடு மாடுகள் வரிசையில் இறங்காமல் தடுக்க வேண்டும். நாற்றை மேய்வதைவிட மிதித்துப் பெயர்ப்பதே பெரிய இழப்பு.

வேருக்காகப் பயிரிடுதல்

வேர்ப் பயிருக்கு மண்ணே அனைத்தையும் தீர்மானிக்கிறது. களிமண்ணில் புல் செழித்து வளர்ந்தாலும், தோண்டும்போது வேர் அறுந்து பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். ஒட்டிய களிமண்ணைக் கழுவும் கூலியும் ஆதாயத்தைத் தின்றுவிடும். மணலும் மணல் கலந்த வண்டலும் உள்ள சமநிலமே ஏற்றது. கடலூர் மாவட்டக் கடலோர மணற்பாங்கான ஊர்களில் இப்பயிர் வேரூன்றியதற்கு இதுவே காரணம். சரிவு நிலத்தில் வேர்ப் பயிர் கூடாது என்பது இயலின் தொடக்கத்திலேயே கூறப்பட்டது.

1. நிலத்தை ஆழமாக உழுது, ஏக்கருக்கு 4 டன் அளவில் மக்கிய தொழு உரம் இட்டு, நீர் தேங்காதவாறு பார் அமைக்க வேண்டும்.

2. பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,500 நாற்றுகள் தேவைப்படும். வளமான மண்ணில் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டால் 15,000 போதும்.

3. நட்ட முதல் மாதம் நிலம் காயாமல் நீர் பாய்ச்ச வேண்டும். அதன் பின் பாசனத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிக்கடி மேலோட்டமாக நீர் கொடுத்தால் வேர் கீழே இறங்காமல் மேலேயே சுருண்டுவிடும்.

4. முதல் மூன்று மாதங்களில் இரண்டு முறை களையெடுத்து மண் அணைக்க வேண்டும். அக்காலத்தில் பாருக்கிடையே உளுந்து போன்ற குறுகிய கால ஊடுபயிரைப் போடலாம்.

5. நட்ட 15 முதல் 18 மாதத்தில், மழையில்லாத பருவத்தில் வேர் எடுக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் எடுக்கும் வேரில் எண்ணெயும் மணமும் குறைவு; காலம் கடந்து விட்டால் வேர் தடித்து, நார்த்தன்மை மிகுந்து, தோண்டும் செலவும் கூடும்.

நடவுக்கு முன்பே வாங்குவோரைக் கண்டறிந்து பேசி வைத்துக்கொள்வது மிக முக்கியம். கோயில் மாலை, தட்டி, விசிறி, தலையணை போன்ற கைவினைப் பொருள் செய்வோர் நீளமும் நிறமும் கெடாத முழு வேரையும், எண்ணெய் வடிப்போர் எடையையும் எண்ணெய் அளவையும் பார்ப்பதால், தோண்டும் முறையே அதற்கேற்ப மாற வேண்டும். விலை உயரும் என்ற வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி நாற்று விற்போரிடமே முழு நிலத்துக்கும் நாற்று வாங்குவது, இப்பயிரில் புதிதாக இறங்குவோர் அடையும் இழப்புக்குப் பெருங்காரணமாக அமைகிறது. முதல் முறை பத்து சென்ட் நிலத்தில் தொடங்குவதே அறிவுடைமை.

வேர் எடுக்கும்போது பாதுகாப்பு

• தாளின் ஓரங்கள் சொரசொரப்பாக அரம் போலிருப்பதால், கை உறையும் முழுக்கைச் சட்டையும் இன்றி வெட்டக் கூடாது. முனை கண்ணில் படாதிருக்கக் குனிந்து வெட்டுவோர் கண்ணாடி அணிவது நல்லது.

• அடர்ந்த தூர்களுக்கிடையே பாம்பும் தேளும் தங்கக்கூடும். வெட்டிவேரின் மணத்துக்குப் பாம்பு வராது என்ற நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு கையை நுழைக்காமல், முதலில் நீண்ட கழியால் தட்டிப் பார்த்துத் தாளை முழுவதும் அறுத்து அப்புறப்படுத்திய பிறகே தோண்ட வேண்டும்.

• மணல் நிலத்தில் இடுப்பளவுக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டி அதனுள் இறங்குவது உயிருக்கே ஆபத்தானது. மணற்சுவர் எந்த அறிகுறியுமின்றிச் சரியும். வேர் இன்னும் ஆழத்தில் இருந்தால், பக்கங்களைச் சாய்வாக அகலப்படுத்தியே கீழே செல்ல வேண்டும்; ஆள் தனியாக வேலை செய்யக் கூடாது.

• பொக்லைன் இயந்திரத்தால் தோண்டும்போது, அதன் கை சுழலும் எல்லைக்குள் வேர் பொறுக்குவோர் எவரும் நிற்கக் கூடாது.

• வேர் எடுத்த நிலத்தை வெறுமையாக விடாமல், குழிகளை உடனே மூடி நிரவி, அடுத்த மழைக்கு முன் பயிரோ மூடாக்கோ இட வேண்டும்.

கழுவுதல், உலர்த்துதல், வடித்தல்

எடுத்த வேரை நல்ல நீரில் அலசி, மண் முழுவதும் நீங்கியபின், கடும் வெயிலில் போடாமல் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் மணம் பறந்துவிடும். நன்கு உலர்ந்த வேரைச் சாக்கில் கட்டி, ஈரமற்ற அறையில், தரையில் படாதவாறு பலகை மேல் அடுக்க வேண்டும்.

எண்ணெய் வடித்தல் வீட்டில் செய்யும் வேலையன்று. நூறு கிலோ உலர்ந்த வேரிலிருந்து ஓரிரு கிலோவுக்கு மேல் எண்ணெய் எதிர்பார்ப்பதற்கில்லை. அதையும் பெற, வேரை நறுக்கி ஊறவைத்து, ஏறத்தாழ ஒரு முழு நாள் இடைவிடாமல் நீராவி செலுத்த வேண்டியிருக்கும். இவ்வெண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், நீரிலிருந்து பிரிப்பதற்கும் பழக்கம் வேண்டும். அழுத்தம் தாங்காத பாத்திரங்களில் முயல்வது வெடிப்பில் முடியக்கூடும் என்பதால், சிறு விவசாயிகள் அண்மையிலுள்ள வடிப்பாலையில் கூலிக்கு வடித்துக்கொள்வதே பொருத்தமானது.

வீட்டில் சாக்குப் பையில் வளர்த்தல்

மண்பானை நீருக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் ஒரு கைப்பிடி வேர் போதும் என்போருக்கு, உரச் சாக்கு ஒன்றே நிலமாகும். சாக்கைப் பலமுறை கழுவி, அடியில் துளையிட்டு, மணல் இரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பி, மூன்று சிம்புகளை நட்டு, நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் செங்கல் மேல் நிறுத்த வேண்டும். ஓராண்டுக்குப் பின் சாக்கைக் கிழித்து நீரில் அலசினால், வேர் ஒரு நூல்கூட அறாமல் கிடைக்கும். சிம்புகளைப் பிரித்து அடுத்த சாக்கில் அன்றே நட்டுவிடலாம்.

குடிநீரில் இடும் வேரைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு தேவை. கழிவுநீரிலுள்ள சத்துகளையும் நச்சு உலோகங்களையும் உறிஞ்சும் ஆற்றல் வெட்டிவேருக்கு இருப்பதால், கழிவுநீரைத் தூய்மையாக்கவும் குப்பைமேட்டின் கசிவைத் தடுக்கவும் இது நடப்படுகிறது. உறிஞ்சப்படும் உலோகங்களில் பெரும்பகுதி வேரிலேயே தங்குகிறது. அத்தகைய இடத்து வேர் மணத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டுத் தெரியாது. ஆகையால் எங்கு விளைந்தது என்று உறுதியாகத் தெரியாத வேரைத் தட்டிக்கும் விசிறிக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும். பானையிலிடும் வேர் நல்ல நீர் பாய்ந்த நிலத்திலிருந்து வந்ததாகவும், மருந்து தெளிக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். பானையில் இட்ட வேரை மூன்று நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே மறுபடியும் இட வேண்டும். வழவழப்பு ஏற்பட்டாலோ, மணம் மாறினாலோ அதைத் தொட்டியிலுள்ள மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம்.